மூன்று வருடத்தில் கலையாத மன்றம்

ஏரியாவில் இளைஞர் மன்றம் தொடங்கினால் முதல் வருடம் கலகலப்பாகப் போகும். பெயர்ப்பலகை, பொங்கல் விளையாட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் நடக்கும். இரண்டாம் வருடம் தலைவருக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்துவிடும், செயலாளருக்குக் கல்யாணம் ஆகிவிடும். மூன்றாம் வருடம் கூட்டம் கூட்ட ஆள் இருக்காது. அது யார் தவறும் இல்லை. ஓரிடத்தில் நிற்க முடியாத வயது அது. சென்னைப் பாலவாக்கத்தில் பையன்கள் யாராவது மன்றம் ஆரம்பிக்கலாமா என்று கேட்டால், உங்கள் கடற்கரையைத் தாண்டி வாரம்தோறும் ஒரு கூட்டம் நடந்துபோகிறதே, முதலில் அதைப் பாருங்கள் என்பேன். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகச் சொல்கிறேன்.

ஜனவரி பிறந்துவிட்டால் வெள்ளி, சனி இரவுகளில் பதினொரு மணிக்கு மேல் நீலாங்கரைக் கடற்கரையில் ஆட்கள் சேர்வார்கள். அங்கிருந்து பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக மணலிலேயே சுமார் 7 கிலோமீட்டர் நடந்து, பின்னிரவில் பெசன்ட் நகர் போய்ச் சேர்வார்கள். பங்குனி ஆமை முட்டையிடும் பருவம் அது. நடத்துகிறவர்கள் எஸ்.எஸ்.டி.சி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர். தொடங்கியது 1988இல். அன்று ஆரம்பித்த மாணவர்களுக்கு இன்று ஐம்பது வயது தாண்டியிருக்கும். நடை மட்டும் நிற்கவில்லை.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னை பாம்புப் பண்ணை நண்பர்களும் இதே கரையில் இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், ஆமைகளைத் தேடி இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே நடந்தார். பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சில காலம் இந்த வேலையைப் பார்த்தது, அதன்பின் வனத்துறை பார்த்தது. 80களின் இறுதியில் வனத்துறையின் பொரிப்பகம் நின்றுபோனது. ஆனால் ஆமை வருவது நிற்கவில்லையே! அந்த இடைவெளியில்தான் கல்லூரி மாணவர்கள் சிலர் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார்.

நான் முக்கியமாக நினைப்பது இந்தத் தொடக்கத்தைத்தான். மன்றம் வைக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு அவர்கள் வேலை தேடவில்லை. செய்யாவிட்டால் கெட்டுப்போகிற ஒரு வேலை கண்முன்னே கிடந்தது. அதைச் செய்யப் போனதில் மன்றம் தானாக உருவானது.

அந்த வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஆமை கரையேறிய இடத்தில் டிராக்டர் சக்கரம் ஓடியதுபோல் தடம் இருக்கும். தடம் முடிகிற இடத்தில் மணல் எங்கே இளகியிருக்கிறது என்று பதமாகக் குத்திப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற அந்தக் குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். அங்கேயே விட்டால் தெரு நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரிந்து வரும் குஞ்சுகளும் கடலோரத்து வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்கு எதிர்த்திசையில் ஊர்ந்து போய்ச் சாகும். அதனால் முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவில் குழி எடுத்துப் புதைப்பார்கள். எடுக்கும்போது முட்டையைப் புரட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. சுமார் 45 நாள் கழித்துக் குஞ்சு வெளியே வரும்.

இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. மூத்தவர் கை வைக்கும்போது இளையவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடுத்த பருவத்தில் அவரே கை வைப்பார், இன்னொருவர் பார்ப்பார். பதவி கைமாறுகிற மன்றங்களில் சண்டை வரும், இங்கே கைமாறுவது கைப்பழக்கம். அதோடு, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து நடக்கலாம் என்று வைத்திருப்பதால் புது ஆள் வரும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்தவர்தான் அடுத்த வருடம் கூட்டத்தை அழைத்துப் போகிறார். படிப்பு முடித்துப் போனவர்களும் பருவம் வந்தால் எட்டிப்பார்க்கிறார்கள். வி. அருண் போன்றவர்கள் நெடுங்காலம் கூடவே நின்று ஒருங்கிணைத்ததையும் மறக்கக் கூடாது. ஒன்றிரண்டு பேராவது அப்படி நிலையாக நிற்காமல் எந்த இளைஞர் கூட்டமும் தழைக்காது.

குஞ்சு வளர்ந்து முட்டையிடத் திரும்பிவரப் பத்து, பதினைந்து வருடமாவது ஆகும். ஆயிரத்தில் ஒன்றுதான் தேறும் என்று மதிப்பிடுகிறார்கள். தான் புதைத்த முட்டையின் பலனைத் தன் கல்லூரிக் காலத்தில் யாருமே பார்க்கப் போவதில்லை. அது தெரிந்தும் தூக்கத்தை விட்டுவிட்டு நடக்க வருகிற பிள்ளைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இன்னொரு வழியும் இதே கரையில் உருவானது. 2002இல் சுப்ரஜா தாரிணி நீலாங்கரைப் பக்கத்தில் ட்ரீ பவுண்டேஷனைத் தொடங்கி, மீனவக் குப்பத்து இளைஞர்களையே கடலாமைப் பாதுகாப்புப் படையாகத் திரட்டினார். என்னைக் கேட்டால் பாலவாக்கத்துக்கு இந்த வழிதான் இன்னும் பொருத்தம். வெளியிலிருந்து வருகிறவர் வாரத்தில் இரண்டு இரவு நடப்பார். குப்பத்துப் பையனுக்கு அது வாசல், தினமும் கடலைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறான். காற்றும் நீரோட்டமும் வலை விரிக்கும் இடமும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அறிவு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது. 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கரைக்குப் பக்கத்தில் இழுக்கும் இழுவலைகளில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்தவைதான் பெரும்பாலும் என்று சொல்லப்பட்டது. முட்டையைக் காப்பாற்றி மட்டும் ஆமையைக் காப்பாற்ற முடியாது. வலையில் ஆமை வெளியேறும் வழி வைப்பது பற்றியும், விசைப்படகுகள் எல்லை தாண்டிக் கரைப்பக்கம் வராமல் இருப்பது பற்றியும் கடலுக்குப் போகிறவர்கள் தங்களுக்குள் பேசித்தான் தீர்க்க முடியும்.

ஆகவே தம்பிகளே, ஒன்று சொல்கிறேன். பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடாதீர்கள், தடம் பார்த்தால் வனத்துறைக்கோ நடைக் குழுவுக்கோ உடனே தகவல் சொல்லுங்கள். வருகிற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு அவர்களோடு நடந்துவிட்டு வாருங்கள். பிறகு, கடலைப் பார்த்த வீடுகளில் ஏறி, ஏப்ரல் வரை இரவில் வெளிவிளக்கை அணைத்து வைக்கும்படி கேளுங்கள். பெயர்ப்பலகையை அதற்கப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.