கேளாத செவியும் பேசும் கையும்

திருவள்ளுவர் 'கேள்வி' என்னும் தலைப்பில் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். குறளில் அது 42ஆவது அதிகாரம். கற்றவர் சொல்லக் கேட்டுப் பெறும் அறிவை அவர் பெருஞ்செல்வமாக மதித்தார். அப்படியானால், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு அந்தச் செல்வத்தில் பங்கு இல்லையா? நம்மில் பலர் இக்கேள்வியை எழுப்பியதே இல்லை. 'பாவம், செவிடு' என்று சொல்லிவிட்டு நம் வழியே போய்விடுகிறோம்.

நான் பௌதிகம் பயிலும் மாணவன். ஒலி என்பது எனக்கு அலையும் அதிர்வெண்ணுமாகவே அறிமுகம். சென்ற டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், நம் பல்கலைக்கழகத்துக் கிறிஸ்தவ மாணவர் குழு ஒன்று, ஓர் இரவு ரயில் பயணத் தொலைவிலுள்ள காது கேளாதோர் பள்ளிக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டது. நான் கிறிஸ்தவன் அல்லன். விடுதியில் என் அறைத் தோழர் அக்குழுவைச் சேர்ந்தவர், "அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், வருகிறாயா?" என்றார். பன்னிரண்டு பேராகப் போனோம். ஐந்து நாள் தங்கினோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். உடைந்த பெஞ்சுகளைச் செப்பனிட்டோம். காலையில் கணக்கும் அறிவியலும் நடத்தினோம். அங்கே நான் அறிந்தவற்றையும், அதன் பொருட்டுப் பிறகு படித்தவற்றையும் சங்கத் தோழர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காதைப் பற்றிச் சில சொற்கள். நம் உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் அதிர்வை மின் குறியாக மாற்றி நரம்புக்குக் கொடுப்பவை இவையே. பறவைகளுக்கு இச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை. மரபணுக் குறை, கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா அம்மை, மூளைக் காய்ச்சல், பிறந்த குழந்தைக்கு வரும் கடும் மஞ்சள் காமாலை, சில வலிய மருந்துகள் ஆகியவை காது கேளாமைக்குக் காரணங்கள். நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி. மரபு வழிக் குறைகள் வெளிப்பட அதுவும் இடம் தருகிறது. ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு; தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு பெரும் இயக்கமாகவே அதைப் போட்டார்கள்.

நாம் சாதாரணமாகப் பேசும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபெல். 90 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலியை மட்டுமே உணரும் குழந்தைக்குத் தாயின் தாலாட்டும் இல்லை. தன் பெயரும் இல்லை. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நாட்டில் கேட்கும் திறன் குறைந்தவர் சுமார் 50 லட்சம் பேர்.

இனி 'ஊமை' என்ற சொல்லைக் கவனிப்போம். இச்சொல்லால் குறிக்கப்படுவோருள் மிகப் பலருக்குத் தொண்டையிலோ நாக்கிலோ ஒரு குறையும் இல்லை. பேச்சைக் குழந்தை காதால் அல்லவா கற்கிறது? கேளாத ஒன்றை எவ்வாறு திருப்பிச் சொல்லும்? ஆகவே அச்சொல்லை நாம் கைவிடுவதே நேர்மை.

"உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே" என்பர் சிலர். அவர்களுக்கு ஒரு சிறு சோதனை. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல், 'பாடு' என்றும் 'மாடு' என்றும் சொல்லிப் பாருங்கள். 'பணம், மணம்', 'படி, மடி' என்று அடுத்தடுத்துச் சொல்லுங்கள். உதடு ஒரே வகையாகத்தான் அசையும். ககரமும் ஙகரமும் வாயின் பின்புறத்தில் பிறப்பதால் அவை உதட்டில் தோன்றுவதே இல்லை. ஏற்கெனவே மொழி அறிந்தவர் இடத்தையும் பொருளையும் கொண்டு விட்டதை நிரப்பிக்கொள்வர். மொழியே அறியாத குழந்தை எதைக்கொண்டு நிரப்பும்?

கைகளின் மொழி பயன்படுவது இவ்விடத்தில்தான். சைகை மொழி என்றால் நாடகத்தில் பசிக்கு வயிற்றைத் தட்டிக் காட்டுவது போன்ற அபிநயம் என்றே நானும் நினைத்தோர் கூட்டத்தில் வளர்ந்தவன். அது அப்படியன்று. அதற்குச் சொல் உண்டு, இலக்கணம் உண்டு. 1960ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க ஆசிரியர், தம் நாட்டுச் சைகை மொழியும் மற்ற மொழிகளைப் போலவே சிறு கூறுகளால் ஆன முழு மொழி என்று ஆராய்ந்து காட்டினார். இந்திய சைகை மொழியோ தமிழும் அன்று, இந்தியும் அன்று, தனி மொழி. ஊருக்கு ஊர் சில சொற்கள் மாறினும் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே. வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும்: 'உன் பெயர் என்ன?' என்று நாம் கேட்கும் அதே முறை. புருவமும் முகமும் அங்கே இலக்கணத்தின் உறுப்புகள். ஒரே கையசைவு, புருவத்தை உயர்த்தினால் கேள்வியாகிவிடும்.

அப்பள்ளியில் காது கேளாத ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மாலைதோறும் ஒரு மணி நேரம் அவரே எங்களுக்கு வகுப்பு எடுத்தார். பிழை திருத்தியவர்கள் அவருடைய மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு பெயர்ச் சைகை உண்டு. மூக்குக் கண்ணாடியை அடிக்கடி மேலே தள்ளும் என் வழக்கமே என் பெயராயிற்று. ஐந்து நாளும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டேன்.

அறிவியல் வகுப்பில் ஒலியைக் கண்ணுக்குக் காட்ட விரும்பினேன். சிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பித்தளைத் தகட்டை நடுவில் மட்டும் பொருத்தி, மேலே மெல்லிய மணலைத் தூவி, விளிம்பை வயலின் வில்லால் உராய்ந்தால், மணல் துள்ளி ஓடி, தகடு அதிராத கோடுகளில் போய் ஒதுங்கும். கண்ணெதிரே கோலம் பிறக்கும். மாணவர்கள் தகட்டைத் தொட்டார்கள். மேசையில் கன்னத்தை வைத்து அதிர்வை உணர்ந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "நிழல் நகரும்போது ஓசை வருமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சூரியன்?" என்றாள். சூரியனுக்கும் நமக்கும் இடையே காற்று இல்லை, ஆகவே அங்கிருந்து ஓசை வர வழியில்லை என்று ஆசிரியை மூலம் விளக்கினேன். "அப்படியானால் சூரியன் விஷயத்தில் நீங்களும் என்னைப் போலத்தான்" என்று கையால் சொல்லிவிட்டு அமர்ந்தாள். வகுப்பே சிரித்தது. அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் அங்கே பதினான்கு வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அவன் ஒன்பதாம் வயதில்தான் பள்ளிக்கு வந்தானாம். அதுவரை அவனுக்கு மொழி என்று ஒன்று இல்லை. வயிறு வலித்தால் எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டலாம். 'நேற்றிலிருந்து வலிக்கிறது' என்பதை எதனால் காட்டுவது? இன்றும் அவன் வகுப்பில் பின்தங்கியே இருக்கிறான். விடுமுறைக்கு ஊருக்குப் போக ஆசையா என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் அன்பாக இருப்பார்கள், சோறு போடுவார்கள், ஆனால் ஒருவருக்கும் கை பேசாது என்றான். காது கேளாத குழந்தைகளில் மிகப் பலர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். வேற்று மொழி வழங்கும் ஊரில் வந்து படிக்கும் நாம், ஊருக்குப் போனால் தாய்மொழியில் வாய் ஓயாமல் பேசித் தீர்க்கிறோம். அவனோ வீட்டுக்குப் போனால்தான் அயலான் ஆகிறான்.

மொழி படியும் பருவம் வாழ்வின் முதல் சில ஆண்டுகளே. பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்க இன்று சில நிமிடங்களில் முடியும் எளிய கருவிகள் உள்ளன. உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியும் இருக்கிறது. சிறு வயதிலேயே பொருத்தி, ஆண்டுக்கணக்கில் பயிற்சி தந்தால் பல குழந்தைகள் பேசக் கற்கின்றனர். ஆயினும் எல்லோருக்கும் அது ஒரே அளவில் பயன்படுவதில்லை. எந்த வழியாயினும் ஆகுக. காதாலோ கண்ணாலோ, குழந்தைக்கு ஒரு முழு மொழி காலத்தில் கிடைக்க வேண்டும். அதுவே தலையாய தேவை.

கிறிஸ்தவத் தொண்டுக்கும் காது கேளாதோர் கல்விக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் லெப்பே என்ற பாதிரியார், ஏழைக் குழந்தைகளின் கைம்மொழியையே அடிப்படையாகக் கொண்டு பள்ளி நடத்தினார். அந்த மரபில் வந்த காது கேளாத ஆசிரியர் லோரன் கிளெர்க், கல்லாடெட் என்ற போதகருடன் அமெரிக்கா சென்று 1817இல் ஹார்ட்போர்டில் பள்ளி தொடங்கக் காரணமானார். நம் நாட்டில் பம்பாயில் 1880களில் கத்தோலிக்க ஆயர் ஒருவரின் முயற்சியால் பள்ளி எழுந்தது. அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் நம் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரோடு நடைபெறுகிறது.

ஆனால் 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே சிறந்தது, சைகையை விலக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தீர்மானித்தவர் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதன் விளைவாகப் பல நாடுகளில் வகுப்பறைக்குள் கைகள் தடுக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடுதான் அத்தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள்! நல்லெண்ணம் இருந்தும், யாருக்காக உழைக்கிறோமோ அவர்களைக் கேளாமல் செய்தால் தொண்டும் தீமையாகும் என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறாக ஒருவர் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரூ ஃபாஸ்டர் அமெரிக்க நீக்ரோ இனத்தவர் என்று அக்காலம் அழைத்த கறுப்பின மக்களில் பிறந்தவர். பதினோராம் வயதில் மூளைக் காய்ச்சலால் கேள்வியை இழந்தார். 1954இல் கல்லாடெட் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1957இல் கானா நாட்டுக்குக் கிறிஸ்தவத் தொண்டராகச் சென்று பள்ளி தொடங்கினார். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறக்கும் முன், ஆப்பிரிக்காவில் முப்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை நிறுவினார். காது கேளாதோரையே ஆசிரியராக்கினார். அமெரிக்கச் சைகையை அங்கே பரப்பியதால் உள்ளூர்ச் சைகைகள் சில இடங்களில் ஒதுங்கின என்ற குறையும் கூறப்படுகிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தம்மைப் போன்றவருக்குத் தாமே வழிகாட்டியாக நின்ற பெருமை அவருடையது.

எங்கள் குழுவின் தலைவர் காலை வணக்கத்தில் மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். காது கேளாத ஒருவனை இயேசு கூட்டத்தினின்றும் தனியே அழைத்துச் சென்று, முதலில் அவன் காதையும் நாவையும் தொட்டார் என்பது அக்கதை. "அவனுக்குப் புரியும் வகையில் முதலில் கையால் பேசினார், நாமும் அதையே செய்வோம்" என்றார் தலைவர். சமயம் எதுவாயினும் தொண்டு செய்யப் போகிறவர் மனத்தில் கொள்ளத்தக்க சொல் இது.

வரும் விடுமுறையில் அக்குழு மீண்டும் செல்கிறது. நம் சங்கத்தாரையும் அழைத்திருக்கிறார்கள். வர விரும்புவோர் சிலவற்றை மனத்தில் கொள்க. சைகையைப் போன பிறகு கற்கலாம் என்று எண்ண வேண்டாம். 2015இல் டில்லியில் அமைந்த இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை 2021இல் படக்காட்சியாக வெளியிட்டுள்ளது. நாளைக்குப் பத்துச் சொல் கற்றாலும் இரண்டு மாதத்தில் அறுநூறு சொல். பேசும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள். கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். அழைக்க வேண்டுமானால் தோளை மெல்லத் தொடுங்கள், அல்லது கை அசையுங்கள். உரக்கக் கத்துவதால் பயனில்லை. என்ன வேண்டும் என்பதைப் பள்ளியாரிடம் கேட்டே கொண்டு செல்லுங்கள். எங்களுக்கு அவர்கள் தந்த பட்டியலில் இனிப்பு இல்லை, ஆய்வுக்கூடத் தராசு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நிறுத்தாதீர்கள். ஆண்டுதோறும் வருபவரைத்தான் குழந்தைகள் நம்புவார்கள்.

சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் வாரம் இருமுறை மாலையில் சைகை வகுப்பு தொடங்கலாம். எனக்குத் தெரிந்த இருநூறு சொற்களோடு நான் வரக் காத்திருக்கிறேன். ஊரிலுள்ள உங்கள் உறவில் காது கேளாத குழந்தை இருந்தால், முதலில் அதன் தாய்க்கு எழுதுங்கள்: பள்ளி வயது வரட்டும் என்று காத்திராமல், இன்றே அக்குழந்தையோடு கையால் பேசத் தொடங்கச் சொல்லுங்கள்.