கண்ணைத் திறக்காத ஆமை
வீட்டோடு வாழும் உயிர்கள் – 17

கேகாலையிலிருந்து புளத்கொஹுப்பிட்டிய வழியாக இறங்கி வரும் வீதி, அவிசாவளை – ஹட்டன் வீதியில் வந்து சேரும் இடம் கரவனெல்ல. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். பால் வெட்டப் போகிறவர்கள் ஏறி இறங்கும் சரிவுகளில் பகல் ஏறிய பிறகும் வெயில் துண்டு துண்டாகத்தான் தரையில் விழும். இறப்பர் இலையுதிர்க்கும் மாசி மாதத்தில் மட்டும் கொஞ்ச நாள் வெளிச்சம் அள்ளிக்கொட்டும். ஓடைப் பக்கம் கறுப்பு ஆமை உண்டு. சிங்களத்தில் ‘கல் இப்பா’ என்பார்கள். வெயில் வேண்டுமென்றால் அது ஒரு கல்மேல் ஏறும். போதுமென்றால் சருகுக்குள் நுழைந்துவிடும். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதன் முடிவு.

கண்ணாடிப் பெட்டியில் வளரும் ஆமைக்கு அந்த முடிவை நாம் எடுக்கிறோம். எடுக்கத் தெரியாமல் எடுக்கும்போது முதலில் அடிபடுவது அதன் கண்.

இந்தத் தோட்டப் பக்கம் பிறந்து வளர்ந்து, இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் குடும்பத்தோடு இருக்கும் என் அண்ணன் மகள் போன மாரியில் அழைத்தாள். பிள்ளைகளுக்காக ஒரு ஹெர்மன் ஆமை வாங்கியிருந்தார்கள். தென் ஐரோப்பாவுக்குரிய சின்னத் தரை ஆமை அது.

“அத்தை, ரெண்டு நாளா கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது. கீரை வச்சாலும் பார்க்குறதில்ல. இமை வீங்கின மாதிரி இருக்கு.”

“புதுசா ஏதும் மாத்துனியாம்மா?”

“பல்புதான் அத்தை. சுருள் மாதிரி ஒரு யூவி பல்பு.”

“எந்தப் பக்கம் இருக்கு?”

“பெட்டிக்குள்ள, பக்கவாட்டுல. அது தலை உயரத்துக்குத்தான்.”

அதை அணைக்கச் சொன்னேன். விலங்கு மருத்துவரிடம் காட்டவும் சொன்னேன். அவர் கண்ணில் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தார். கருவிழியின் மேற்பரப்பு காய்ந்து புண்ணாகியிருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். நல்ல வேளை, ஆழமான புண் இல்லை.

வெல்டிங் பட்டறையில் முகமூடி இல்லாமல் வேலை செய்தவர்களுக்கு இந்த நோவு தெரியும். பற்றவைக்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதைப் போல உறுத்தும், நீர் வடியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுடுவதால் வருவது அது. ஆமைக்கு நேர்ந்ததும் அச்சொட்டாக அதுவே. ஆமைக்குக் கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீர் வடியும் குழாய் கிடையாது. நீரெல்லாம் முகத்தில் வழியும். ‘ஆமை அழுகிறது’ என்று பிள்ளைகள் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

பல்புக்காரர்களும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். 2007 வாக்கில் சில புதிய யூவி பல்புகளின் கீழ் வளர்ந்த ஊர்வனவற்றுக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டதாக அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. பிரித்தானிய விலங்கு மருத்துவர் பிரான்சிஸ் பெயின்ஸ் அந்தப் பல்புகளைக் கருவி வைத்து அளந்தார். சூரிய ஒளியில் ஏறக்குறைய 290 நனோமீட்டருக்குக் குறைந்த கதிர்களை ஓசோன் படலம் விழுங்கிவிடுகிறது; பூமியில் எந்த உயிரின் கண்ணும் அவற்றைச் சந்தித்துப் பழகவில்லை. அந்தப் பல்புகளோ அவற்றையும் வெளியிட்டன. ஒரு மலைப்பாம்புக்கும் ஒரு நீலநாக்கு அரணைக்கும் விளக்கினால் கண்ணும் தோலும் சுடப்பட்டதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். அதன் பிறகு தயாரிப்பு திருந்தியிருக்கிறது. ஆனால் நல்ல பல்பையும் தப்பான இடத்தில் வைத்தால் கண்ணைக் கெடுக்கும்.

வெயில் தலைக்கு மேலிருந்து வருகிறது. ஆமையின் கண் தலையின் பக்கவாட்டில், எலும்பு விளிம்பின் நிழலில், மேல் இமைக்கு அடியில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் இலங்கையின் உச்சி வெயிலில் யூவி குறியீடு 12ஐத் தாண்டும். அந்த வெயிலில்கூட, அண்ணாந்து பார்க்காத ஆமையின் கண்ணுக்கு நேர்க்கதிர் குறைவு. பல்பைப் பக்கத்தில் தலை உயரத்துக்கு மாட்டினால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் வீணாகிறது. கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், பகல் முழுக்க, ஓடி ஒளிய இடமின்றி.

அதற்காக யூவி பல்பையே தூக்கி எறியச் சொல்லவில்லை. கனடா மாரியில் அது இல்லாவிட்டால் ஆமைக்கு வைட்டமின் டி3 உருவாகாது. ஓடு மென்மையாகி, எலும்பு வளையும். வேறொன்றும் உண்டு. நம் விழித்திரையில் நிறம் காணும் கூம்பு அணுக்கள் மூன்று வகை. செங்காது ஆமையின் விழித்திரையில் நான்கு. நான்காவது வகை புற ஊதாவைப் பார்க்கிறது. அத்தகைய கண்ணுக்கு யூவி இல்லாத வெள்ளை வெளிச்சம் நிறம் குறைந்த வெளிச்சமே.

ஆகவே அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். கண் ஆறும்வரை யூவி வேண்டாம். சூட்டுக்கு வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டர் போதும். சில வாரம் டி3 குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டால் நீர்ச்சத்து வற்றாது. வீட்டிலிருக்கும் மனிதக் கண்மருந்தை விடக்கூடாது. ஸ்டீரொய்ட் கலந்த சொட்டு, புண்ணான கருவிழியை இன்னும் கெடுக்கும். ஆறிய பிறகு நீள டியூப் விளக்கு, நேர் மேலே, பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும். மற்றப் பாதியில் செடி, மரப்பட்டை, ஒரு குகை. யூவி குறியீடு அளக்கும் மீட்டர் கிடைத்தால் ஓட்டின் உயரத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. விளக்குக்கு நேர் கீழே 3, 4 காட்டினால் ஹெர்மன் ஆமைக்குத் தாராளம். நிழல் பக்கம் பூச்சியத்துக்கு இறங்கிவிட வேண்டும்.

ஒரு வாரம் தாண்டியதும் கண் திறந்தது, கீரை தின்றது. இப்போது காலையில் விளக்கடியில் கிடக்கிறதாம், மதியத்தில் குகைக்குள் போய்விடுகிறதாம்.

கண் மூடிய எல்லா ஆமைக்கும் விளக்குதான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். விளக்கை அணைத்த சில நிமிடத்தில் கண் திறந்தால் வெறும் கூச்சம். பல்பு பிரகாசம் அதிகம், நிழல் போதாது. அணைத்து ஒரு நாளாகியும் மூடியே இருந்தால் காயமோ நோயோ. மூக்கில் நுரை வந்தால் சளி நோய். காய்ந்த இறால் மட்டும் தின்னும் நீராமைக்கு இமை வீங்கினால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். ஆனால் அதற்கென்று வைட்டமின் ஊசியைக் கண்டபடி போட்டால் தோலே உரிந்துவிடும். கேகாலைப் பக்கத்து வாசகர்கள் பேராதனைப் பல்கலைக்கழக விலங்கு மருத்துவ போதனா மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டலாம்.

நாட்டுக்குரிய ஆமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நட்சத்திர ஆமை இங்கே பாதுகாக்கப்பட்ட உயிர். 2019இல் உலக வணிகத் தடையின் முதலாம் பட்டியலுக்கும் ஏறிவிட்டது. வரண்ட வலயப் பற்றைக்காட்டில் வாழும் அதை, மழை ஓயாத சப்ரகமுவ வீட்டுக்குள் எந்த விளக்கும் வாழவைக்காது. யாரிடமாவது இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள்.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மீன் கடையில் வாங்கிய செங்காது ஆமை. அதற்கு விளக்கே தேவையில்லை. இளங்காலை வெயில் முற்றத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஜன்னலோரம் வைப்பதில் பலனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். தொட்டியோடு வெயிலில் வைத்தால் தண்ணீர் கொதித்துச் செத்தும் போகும். அகலமான பேசினில் தண்ணீர் விட்டு, ஏறி நிற்க ஒரு கல் வைத்து, பேசினின் பாதியைப் பலகையால் மூடி, காக்கையும் நாயும் வராமல் பக்கத்தில் ஒருவர் இருங்கள். வளர்த்து அலுத்துவிட்டதென்று களனி கங்கையில் மட்டும் விடாதீர்கள். அங்கே நம் ஆமைகள் இருக்கின்றன.

(தொடரும்)