கணிப்பொறிக்கும் இருப்புப் புத்தகம் வேண்டும்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பயிரிடும் விவசாயி ஒருவர், எந்த வயலில் எந்த எண்ணுள்ள மூட்டை விதையை இட்டார் என்று குறித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு மூட்டை பழுது எனப் பின்னர்த் தெரிந்தால், அவர் அந்த வயலை மட்டும் கவனித்தாற் போதும். குறிப்பில்லாதவரோ எல்லா வயல்களையும் சுற்றி அலைவார். நெசவாளருக்குச் சாயமிட்ட நூலும் அவ்வாறே.

இந்த வழக்கம் சங்க அலுவலகக் கணிப்பொறிகளுக்கும் இன்று இன்றியமையாததாகும். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று இசைவளித்தது. அங்கத்தினரின் வைப்புத் தொகைக் கணக்கும் நகைக் கடன் கணக்கும் பொறிக்குள் செல்கின்றன. மேசை, அலமாரிகளை ஆண்டுதோறும் எண்ணுகிறோம். பொறிக்குள் உள்ள மென்பொருள்களை எண்ணுகிறோமா?

மென்பொருள் என்பது பொறியை இயக்கும் கட்டளைத் தொகுதி. அதிற் குறை காணப்பட்டால், செய்தவர்கள் திருத்தம் வெளியிடுவார்கள். விண்டோஸில் இருந்த ஒரு குறைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் தந்தது. மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் அதே குறையின் வழியே புகுந்து, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் பொது மருத்துவமனைகளின் பணி தடைப்பட்டது. திருத்தம் சேராத பொறிகளே வீழ்ந்தன. ஆகவே, எப்பொறியில் எது உள்ளது என்று அறிவதே காப்பின் முதற்படி.

இதற்குரிய பதிவேடு எளியது. பொறியின் எண், பொறுப்பாளர், மென்பொருளின் பெயர், பதிப்பு எண், உரிமம் வாங்கிய ரசீது, கடைசியாகத் திருத்தம் இட்ட நாள் ஆகிய 6 கலங்கள் போதும். நிறுவப்பட்ட மென்பொருள்களின் ஜாபிதா ஒவ்வொரு பொறியின் அமைப்புப் பகுதியிலேயே காணக் கிடைக்கும். சில பொறிகளே உள்ள சங்கத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நூற்றுக்கணக்கான பொறிகளுள்ள நிறுவனங்களில், ஒவ்வொரு பொறியிலும் அமர்த்திய சிறு நிரல் ஒன்று ஜாபிதாவைத் தானே தயாரித்துத் தலைமைப் பொறிக்கு அனுப்புகிறது. ‘ஓ.சி.எஸ். இன்வென்டரி’ என்னும் இலவச மென்பொருள் இவ்வகையது.

இதனால் வேறு பயன்களும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எப்பொறிகளை மாற்ற வேண்டும் என்பதைப் பதிவேடு சொல்லும். உரிமமற்ற நகல் இருந்தாலும் புலப்படும். அத்தகைய நகலை அறிந்தே பயன்படுத்துவோருக்கு, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

எழுதி மூடிவைத்த பதிவேடு பயன்படாது. மாதம் ஒருமுறை பொறியுடன் ஒத்துப்பார்த்து, நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். அங்கத்தினர்களும் பொதுக்குழுவில் அதைக் கேட்டுப் பார்ப்பார்களாக. கணக்கு நம்முடையது; காவலும் நம்முடையதே.