எரிக் மேயரும் 663399 என்ற ஊதாவும்

பிரவுசரில் திறக்கும் இணையப் பக்கம் பெரும்பாலும் மூன்று மொழிகளில் எழுதப்படுகிறது. எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று உள்ளடக்கத்தைப் பிரித்துக் காட்டுவது எச்.டி.எம்.எல். நிறம், எழுத்தின் அளவு, இடைவெளி, பக்க அமைப்பு ஆகியவற்றைத் தீர்மானிப்பது சி.எஸ்.எஸ். பொத்தானைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதைக் கவனிப்பது ஜாவாஸ்கிரிப்ட். இவற்றைக் கொண்டு, வாசகரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் பகுதியை உருவாக்கும் வேலைக்கு ஃபிரண்ட் எண்ட் என்று பெயர்.

இந்தத் துறையினர் பலருக்கு சி.எஸ்.எஸ். கற்றுக்கொடுத்தவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த எரிக் மேயர். எந்த இடத்தில் பக்கம் உடைகிறது என்று தேடிப் பார்ப்பதே அவருடைய சோதனைகளின் வழி. தன் குடும்பத்தில் பேரிழப்பு நேர்ந்த பிறகு, அதே தேடலை அவர் மனிதர்களின் பக்கம் திருப்பினார். உடைந்த நிலையில் வரும் மனிதருக்கு ஒரு பக்கம் என்ன செய்கிறது என்ற கேள்வியை அவரது வாழ்க்கை இணையத் துறையின் முன் வைத்தது.

தோற்றத்துக்கு ஒரு மொழி

தொடக்கக் கால இணையத்தில் பக்கத்தின் தோற்றத்தை ஒழுங்காகச் சொல்ல வழி இல்லை. எழுத்தின் நிறத்தை எச்.டி.எம்.எல். உள்ளேயே திணித்தார்கள். பத்திகளைப் பக்கவாட்டில் நிறுத்த அட்டவணைகளைப் பயன்படுத்தினார்கள். 1994 அக்டோபரில், சேர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹாகோன் வியூம் லீ, தோற்றத்துக்கென்று தனி மொழி வேண்டும் என்று முன்மொழிந்தார். பெர்ட் போஸ் அவருடன் இணைந்தார். 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் நிலை அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளியானது.

மேயர் படித்தது வரலாறு. கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அங்கேயே இணையதளப் பொறுப்பாளராக வேலை பார்த்தார். சி.எஸ்.எஸ். வந்ததும் அதன் ஒவ்வொரு விதியையும் சோதிக்கும் சிறு பக்கங்களை எழுதிப் பார்த்தார். எந்த பிரவுசர் எந்த விதியை மதிக்கிறது, எது தவறாகக் காட்டுகிறது என்று அவர் தொகுத்த பட்டியல் அந்நாளைய நிரலாளர்களுக்குக் கைவிளக்காக இருந்தது. சி.எஸ்.எஸ். முதல் நிலைக்கான சோதனைத் தொகுப்பை உருவாக்குவதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2000-இல் ஓரெய்லி நிறுவனம் வெளியிட்ட அவரது சி.எஸ்.எஸ். வழிகாட்டி நூல் பல பதிப்புகள் கண்டது.

ஒரே பெட்டி, இரண்டு கணக்கு

அந்தப் பட்டியல் ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு கணக்கு விளக்கும். சி.எஸ்.எஸ். பார்வையில் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. ஒரு பெட்டியின் அகலம் 300 பிக்சல் என்றும், எழுத்துக்கும் கரைக்கோட்டுக்கும் நடுவே இருபுறமும் 20 பிக்சல் இடைவெளி என்றும், கரைக்கோட்டின் தடிமன் 5 பிக்சல் என்றும் எழுதினால், விதியின்படி 300 என்பது எழுத்துக்கான இடம் மட்டுமே. இடைவெளியும் கோடும் சேர்ந்து பெட்டியின் மொத்த அகலம் 350 ஆகும். ஆனால் விண்டோஸில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 அந்த 300-க்குள்ளேயே இடைவெளியையும் கோட்டையும் அடக்கியது. எழுத்துக்கு 250 பிக்சல்தான் மிஞ்சியது. ஒரு பிரவுசரில் கச்சிதமாகப் பொருந்திய பக்கம் இன்னொன்றில் கலைந்து போக இந்த 50 பிக்சல் வேறுபாடு போதும். பிற்காலத்தில், எந்தக் கணக்கு வேண்டும் என்பதை நிரலாளரே தேர்ந்தெடுக்கும் வசதி சி.எஸ்.எஸ். மொழியில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய தடைகளை அறிந்துகொண்டே, அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் மொழியின் எல்லை எதுவரை என்று பார்க்க மேயர் 2000-களின் தொடக்கத்தில் ‘சி.எஸ்.எஸ். எட்ஜ்’ என்ற சோதனைத் தொகுப்பை உருவாக்கினார். அதில் மிகவும் பேசப்பட்டது ‘காம்ப்ளெக்ஸ்ஸ்பைரல்’. சுருள் வடிவப் பின்னணிப் படத்தின் மேல், பனி படர்ந்த கண்ணாடிபோல் பெட்டிகள் மிதக்கும். பக்கத்தை நகர்த்தினால், கண்ணாடிக்குப் பின்னால் சுருள் அசையாமல் இருப்பது தெரியும். கண்ணாடித் தன்மையை நேரடியாகத் தரும் வசதி அப்போது சி.எஸ்.எஸ்.ஸில் இல்லை.

அதன் உள்வேலை எளிமையானது. ஒரே சுருளுக்கு வெளிறிய நகல்களைத் தயாரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நகலைப் பின்னணியாகக் கொடுத்தார். பின்னணி நகரக் கூடாது என்று விதித்தால், படத்தின் இடம் பெட்டியின் மூலையிலிருந்து கணக்கிடப்படாமல் திரையின் மூலையிலிருந்து கணக்கிடப்படும். அதனால் எல்லா நகல்களும் அடிப்படத்தின் மேல் இம்மி பிசகாமல் பொருந்தின. கண்ணாடியே இல்லாமல் கண்ணாடி தெரிந்தது. விண்டோஸ் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இந்த விதி பக்கம் முழுவதற்குமான பின்னணிக்கு மட்டுமே வேலை செய்ததால், அங்கே மாயம் கலைந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் விரியும் மெனுக்களையும் மேயர் இதே காலத்தில் செய்து காட்டினார். அலங்காரத்துக்கு மட்டுமே உரியது என்று எண்ணப்பட்ட மொழியில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்பதை இந்தச் சோதனைகள் உணர்த்தின.

2007-இல் அவர் வெளியிட்ட ‘ரீசெட்’ நிரல் அன்றாட வேலைக்குப் பயன்பட்டது. நிரலாளர் எதுவும் சொல்லாதபோதும் ஒவ்வொரு பிரவுசரும் தனக்கென்று சில இயல்பான அளவுகளை வைத்திருக்கும். பட்டியலை உள்ளே தள்ளிக் காட்ட ஒன்று வெளி இடைவெளியைப் பயன்படுத்தியது, இன்னொன்று உள் இடைவெளியைப் பயன்படுத்தியது. ரீசெட் இந்த அளவுகளையெல்லாம் பூஜ்யமாக்கி, எல்லாப் பிரவுசர்களையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிறுத்தியது. இதை அப்படியே ஒட்ட வேண்டாம், அவரவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்று மேயர் கேட்டுக்கொண்டார். யாரும் உரிமை கோர முடியாத பொதுச் சொத்தாக அது விடப்பட்டது.

ரெபெக்கா

2013 ஆகஸ்டில் மேயரின் மகள் ரெபெக்காவுக்கு மூளையில் புற்றுக்கட்டி இருப்பது தெரியவந்தது. 2014 ஜூன் 7-ஆம் தேதி, தன் ஆறாவது பிறந்தநாளன்றே அந்தக் குழந்தை இறந்தாள். சிகிச்சை நாட்களைப் பற்றியும் இழப்பைப் பற்றியும் மேயர் வெளிப்படையாக எழுதிவந்ததால், அவரிடம் சி.எஸ்.எஸ். கற்ற உலகெங்குமுள்ள நிரலாளர்கள் அந்தத் துயரத்தைத் தங்கள் வீட்டுத் துயரமாக உணர்ந்தார்கள்.

ரெபெக்காவுக்குப் பிடித்த நிறம் ஊதா. சி.எஸ்.எஸ். மொழியில் நிறத்தை எண்ணாலும் எழுதலாம், பெயராலும் எழுதலாம். 663399 என்ற ஊதாவுக்கு அவள் பெயரைச் சூட்ட வேண்டும் என்ற யோசனை எழுந்தது. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 66 என்பது 102, 33 என்பது 51, 99 என்பது 153. அதாவது 255 வரையுள்ள அளவுகோலில் சிவப்பு 102, பச்சை 51, நீலம் 153 சேர்ந்தால் இந்த ஊதா கிடைக்கும். 256 நிறங்களை மட்டுமே காட்டிய பழைய திரைகளிலும் மாறாமல் தெரியும் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 216 நிறங்களில் இதுவும் ஒன்று.

முதலில் ‘பெக்கா பர்பிள்’ என்ற செல்லப்பெயர்தான் பரிந்துரைக்கப்பட்டது. மேயர் சம்மதித்தார், ஆனால் ஒரு திருத்தம் கேட்டார். பெக்கா என்பது குழந்தைப் பெயர், ஆறு வயதானதும் தன்னை ரெபெக்கா என்றே அழைக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஏறக்குறைய 12 மணி நேரம் அவள் ஆறு வயதுக்காரியாக வாழ்ந்தாள். ஆகவே நிறத்தின் பெயர் ‘ரெபெக்காபர்பிள்’ ஆனது. சி.எஸ்.எஸ். பணிக்குழு அதே மாதம் ஒப்புதல் தந்தது. பழைய கணினிச் சாளர அமைப்பிலிருந்து வந்த பெயர்களே மிகுதியாக உள்ள நிறப்பட்டியலில், ஒரு மனிதரின் நினைவைப் போற்றச் சேர்ந்த பெயர் இது. அந்த ஆண்டு இறுதிக்குள் முன்னணி பிரவுசர்கள் சில இதை ஏற்றுக்கொண்டன. இன்று எந்தப் புதிய பிரவுசரிலும் இந்தப் பெயரை எழுதினால் அந்த ஊதா வரும். 2024-இல் சி.எஸ்.எஸ். மொழிக்கென்று உருவான சின்னமும் இந்த நிறத்தையே ஏற்றது.

நெருக்கடியில் இருப்பவருக்கான பக்கம்

2014 டிசம்பரில், அந்த ஆண்டை நினைவுகூரும் பேஸ்புக்கின் வசதி, மேயர் கேட்காமலேயே அவருடைய பக்கத்தில் ரெபெக்காவின் படத்தைக் காட்டியது. சுற்றிலும் கொண்டாட்டச் சித்திரங்கள், உங்கள் ஆண்டு இப்படி இருந்தது என்ற வாசகம். அதிகம் பேர் கவனித்த படத்தை எடு என்பது நிரலுக்குத் தரப்பட்ட கட்டளை. நிரல் அதைப் பிழையின்றிச் செய்தது. அந்தப் படம் ஏன் கவனிக்கப்பட்டது என்று அறிய அதற்கு வழி இல்லை.

வேண்டுமென்றே யாரும் செய்யாத கொடுமை இது என்று மேயர் எழுதினார். நிரலை எழுதியவர்களைத் தூற்றாமல், யோசிக்கத் தவறிய இடத்தைச் சுட்டினார். அந்த வசதியை உருவாக்கிய குழுவினர் மீது இணையத்தில் பலர் வசை பொழிந்தபோது, அதற்காக அவர்களிடம் வருத்தமும் தெரிவித்தார். அவர் முன்வைத்த திருத்தங்கள் எளியவை. பயனர் பார்க்க விரும்புகிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். அவர் சம்மதிக்கும்வரை படத்தைக் காட்டக் கூடாது.

2016-இல் சாரா வாக்டர்-பெட்சருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘டிசைன் ஃபார் ரியல் லைஃப்’ இந்தச் சிந்தனையை விரித்துச் சொல்கிறது. அரிதாக நிகழும் சூழல்களை விதிவிலக்கு என்று ஒதுக்குவது மென்பொருள் துறையின் பழைய வழக்கம். அவற்றை மனிதர்கள் நெருக்கடியில் இருக்கும் சூழல்கள் என்று கருதி, வடிவமைப்பைத் தொடங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது நூலின் வாதம். மருத்துவமனை இணையதளத்தை ஓய்வாக அலசுபவர் உண்டு. நோயாளியை வண்டியில் ஏற்றிய பிறகு, கைப்பேசியில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வழி தேடுபவரும் உண்டு. இரண்டாமவர் தடுமாறாத பக்கத்தில் முதலாமவரும் எளிதாகத் தேடிக்கொள்வார்.

நிரலாளர்கள் இதைச் செய்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். படிவத்தில் கட்டாயக் கேள்விகளைக் குறைக்கலாம். தொலைபேசி எண்ணையும் வழியையும் முதல் திரையிலேயே வைக்கலாம். வாழ்த்துச் செய்தி எழுதும்போது, துக்கத்தில் இருப்பவர் அதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று குழுவில் ஒருவர் கேட்கலாம். எந்த பிரவுசரில் பக்கம் உடையும் என்று சோதிப்பது இந்தத் துறையின் அன்றாட வேலை. எந்த மனநிலையில் வருபவருக்கு அது உடையும் என்று பார்ப்பதும் அதே வேலையின் பகுதி என்பதே மேயரின் சோதனைகளும் எழுத்தும் துறைக்குத் தரும் பாடம்.