வெளிச்சத்துக்கும் வேலி வேண்டும்

கல்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1960களின் இறுதியில் வானியலாளர் வைணு பாப்பு அங்கே தொலைநோக்கியைக் கொண்டுபோய் நிறுத்தியதற்கு அந்த மலையின் இருட்டும் ஒரு காரணம். கணிதமேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிய சிறுகோளை 1988ல் வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்தது அங்கேதான். கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கத் தமிழக அரசு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. கல்வராயனில் வானாய்வகம் இல்லை. ஆனால் அந்த மலைக்கும் காக்கத் தகுந்த ஓர் இரவு உண்டு. அதன் கதி அடிவாரத்தில் நாம் மாட்டப்போகும் விளக்குகளைப் பொறுத்தது.

அந்த மலைக்குக் கிழக்கே இருக்கும் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகுவது இயல்பு. கீழே கடை, மேலே வீடு, நடுவே பூங்கா என்று திட்டமிட்ட ஒரு வளாகத்தை எண்ணிப் பாருங்கள். சாலை அகலத்துக்கு விதி உண்டு, சாக்கடைக்கு உண்டு. வெளிச்சத்துக்கோ, ஒப்பந்ததாரர் வாங்கி வரும் ஃபோகஸ் லைட்தான் விதி.

பொதுச்சாலை விளக்குகளுக்கு ஐ.எஸ். 1944 என்ற இந்தியத் தரம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. முக்கியச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ், போக்குவரத்து குறைந்த உட்தெருவுக்கு 4 லக்ஸ் என்கிறது அது. முழுநிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான் என்பதால், 4 லக்ஸ் ஒன்றும் இருட்டல்ல. ஆனால் அது சாலைக்கான தரம். கடையின் பெயர்ப்பலகை மாடிவீட்டுப் படுக்கையறைக்குள் பாய்ச்சும் ஒளிக்கு அதில் கணக்கில்லை. கடையும் வீடும் ஒரே சுவரைப் பகிரும் வளாகத்தில் நியாயமாக முதலில் எழுத வேண்டிய விதி அதுதான்: கடை மூடியதும் பலகை அணைய வேண்டும், எந்த விளக்கும் அடுத்தவர் சன்னலில் விழக்கூடாது.

அடுத்தது கோணம். நேர் மேலே போகும் ஒளி சீக்கிரமே வளிமண்டலத்தைக் கடந்துவிடும். கிடைமட்டத்துக்குச் சற்று மேலாகச் சாய்ந்து போவதுதான் காற்றில் நெடுந்தூரம் பயணித்து, வழியெல்லாம் சிதறி, வானத்தை வெளுக்க வைக்கிறது. நகருக்கு மேற்கே இருக்கும் மலைக்கு எட்டுவது அந்தச் சாய்ந்த ஒளிதான். விளக்கின் தலையைத் தரைக்கு இணையாகப் பொருத்தி, பல்பு பக்கவாட்டில் தெரியாதபடி மூடினால் அது பெருமளவு நின்றுவிடும். கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

மூன்றாவது நிறம். காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 450 நானோமீட்டர் நீல ஒளி, 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியைவிட மும்மடங்கு சிதறும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளைவிட, 6500 கெல்வின் என்று அட்டைப்பெட்டியில் போட்டு வரும் வெள்ளை எல்.இ.டி.யில் அந்த நீலம் மிக அதிகம். 3000 கெல்வினுக்கு மேல் வேண்டாம் என்பது இருள்வான அமைப்புகளின் பரிந்துரை. காட்டோரத்தில் 2200 நல்லது.

வெளிச்சத்தைக் குறைத்தால் பெண்கள் எப்படி நடப்பார்கள் என்ற கேள்வி மிக நியாயமானது. கண்ணைக் கூசவைக்கும் ஹைமாஸ் விளக்கின் கீழ், நிழலில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியவே மாட்டான். கூச்சமில்லாமல் சீராகப் பரவிய குறைந்த ஒளியில் முகம் தெரியும். பாம்பும் கரடியும் நடமாடும் மலைக் கிராமங்களுக்கும் தெருவிளக்கு கட்டாயம் வேண்டும். அதுவும் தரையைப் பார்த்ததாக இருக்கட்டும்.

வயலையும் மறக்க முடியாது. பகல் குறுகி இரவு நீள்வதை உணர்ந்தே பழைய சம்பா ரகங்கள் பூக்கின்றன. வரப்போரத்துக் கம்பத்தில் விடியவிடிய எரியும் விளக்கு அந்தக் கணக்கைக் குழப்பி, கதிர் வருவதைத் தாமதப்படுத்துகிறது. மனைப்பிரிவின் எல்லையில் அடுத்தவர் நெல் நிற்கிறது என்றால், இது பக்கத்து நிலத்துக்கு நாம் ஏற்படுத்தும் இழப்பு.

இதையெல்லாம் செய்யவைக்க ஏற்ற தருணம் ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. மனைப்பிரிவின் சாலைகளையும் பூங்காவையும் உரிமையாளர் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். விளக்கின் கோணம், கெல்வின், லக்ஸ், இரவு பத்து மணிக்கு மேல் மங்கும் ஏற்பாடு ஆகியவற்றை நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) ஒப்புதலிலேயே எழுதிவிடலாம். பத்திரத்தை ஏற்கும் முன் பொறியாளர் லக்ஸ் மீட்டருடன் ஒருமுறை இருட்டிய பிறகு வந்து பார்க்கட்டும். பகலில் பார்த்தால் எல்லாக் கம்பமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.