பெருங்குடல் புற்றுநோயில் நிறப்புரி மாற்றங்கள்

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியிலிருந்து உருவாகிறது. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை, சிலவேளை அதற்கும் மேல் ஆகும். இக்காலத்தில் குடல் உயிரணுக்களின் நிறப்புரிகளில் (குரோமோசோம்களில்) மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. அமெரிக்க ஆய்வாளர்கள் எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டீன் ஆகியோர் 1990 ஆம் ஆண்டில் இப்படிநிலைகளை விளக்கினர்.

புற்றைத் தடுக்கும் மரபணு ஒவ்வொன்றும் இணை நிறப்புரிகளில் இரு படிகளாக உள்ளது. ஒரு படி பழுதானாலும் மற்றது காக்கும். அந்த மற்றப் படியைத் தாங்கிய நிறப்புரிப் பகுதியும் இழக்கப்பட்டால் காவல் நீங்குகிறது.

வழக்கமான படிநிலைகள்:

• 5 ஆம் நிறப்புரி: ஏபிசி மரபணு செயலிழந்து பாலிப் தோன்றுகிறது.
• 12 ஆம் நிறப்புரி: கேராஸ் மரபணுவின் திடீர்மாற்றத்தால் பாலிப் பெரிதாகிறது.
• 18 ஆம் நிறப்புரி: நெடுங்கை இழக்கப்படுவதால் எஸ்மேட்4 போன்ற மரபணுக்கள் குறைகின்றன.
• 17 ஆம் நிறப்புரி: குறுங்கையிலுள்ள டிபி53 மரபணு இழக்கப்பட்டுப் புற்று உருவாகிறது.

எல்லாப் புற்றுகளும் இவ்வரிசையைப் பின்பற்றுவதில்லை. ஏறத்தாழ 15 விழுக்காட்டில் நிறப்புரிகள் பெரிதும் மாறாமல், டி.என்.ஏ. பிழைதிருத்தும் அமைப்பே பழுதடைகிறது.

ஏபிசி மரபணுவின் பழுதான படியைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்களுக்கு இளம் வயதிலேயே நூற்றுக்கணக்கான பாலிப்கள் தோன்றலாம். எனவே அக்குடும்பத்தினருக்கு மரபணுப் பரிசோதனை அவசியம். மற்றவர்களுக்கும் இந்நீண்ட இடைவெளி ஒரு வாய்ப்பாகும்: குடல் அகநோக்கியில் காணும் பாலிப்பை அப்போதே அகற்றினால், பிந்தைய மாற்றங்கள் சேருமுன் புற்றைத் தடுக்கலாம்.