அடக்கம் செய்த இசை மீண்டும் எழுந்தது!

இசைக் குழு ஒன்று தனக்குத் தானே இறுதிச் சடங்கு நடத்திக் கொண்டது. இப்படி எங்காவது கேட்டது உண்டா?

பின்லாந்து நாட்டில் அது நடந்தது. குழுவின் பெயர் "சென்டன்ஸ்டு". 1989ம் ஆண்டில் தொடங்கிய குழு அது. 2005ம் ஆண்டில், இத்துடன் முடித்துக் கொள்வதாக அறிவித்தது.

கடைசி இசைத்தட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "தி பியூனரல் ஆல்பம்". சவ அடக்க இசைத்தட்டு என்று பொருள்!

அந்த ஆண்டு அக்டோபர் 1ந் தேதி, ஊலு என்ற நகரில் கடைசிக் கச்சேரி நடந்தது. பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்தார்கள்.

2009ம் ஆண்டில் குழுவின் கிதார் கலைஞர் மீக்கா தென்குலா இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 34. பழைய குழு பழையபடி ஒன்று கூடுவது இனி நடவாத காரியம் ஆயிற்று.

இருட்டின் பாட்டு

இவர்கள் வாசித்தது "கோதிக் மெட்டல்" என்ற இசை.

மெட்டல் என்றால் மின்சார கிதாரும் டிரம்மும் இடி போல முழங்கும். அதில் ஒரு பிரிவு கோதிக். இதில் வேகம் குறைவு, சோகம் அதிகம். சாவு, பிரிவு, தனிமை, கைகூடாத காதல் ஆகியவைதான் பாட்டின் பொருள்.

இது பிறந்த இடம் இங்கிலாந்து. ஹாலிபாக்ஸ் என்ற ஊரில் 1988ம் ஆண்டில் "பாரடைஸ் லாஸ்ட்" என்ற குழு தொடங்கியது. 1991ம் ஆண்டில் அது வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் "கோதிக்". உறுமும் ஆண் குரலுக்கு அருகே ஒரு பெண் குரல் இனிமையாக ஒலித்தது. அந்த இசைத்தட்டின் பெயரே இந்த இசைக்கும் நிலைத்து விட்டது.

பின்லாந்திலும் இந்த இசை வேர் விட்டது. அந்த நாட்டுக்கு இருட்டு புதிது அல்ல. டிசம்பர் மாதப் பிற்பகுதியில் ஊலு நகரில் சூரியன் நான்கு மணி நேரம் கூட வானத்தில் இருப்பது இல்லை.

ஐந்து பேர் சேர்ந்தனர்

இப்போது ஒரு புதுக் குழு கிளம்பி இருக்கிறது. பெயர் "செமட்டரி ஸ்கைலைன்". செமட்டரி என்றால் கல்லறைத் தோட்டம்.

குழுவில் ஐந்து பேர். மூன்று பேர் பின்லாந்துக்காரர்கள். இரண்டு பேர் சுவீடன்காரர்கள். எல்லோரும் வேறு குழுக்களில் பெயர் எடுத்தவர்கள்.

பாடுகிறவர் மிக்கேல் ஸ்டான்னே. "டார்க் டிராங்குலிட்டி" குழுவில் சிங்கம் போலக் கர்ஜித்தவர். இங்கே கர்ஜனையை விட்டு விட்டார். ஆழ்ந்த குரலில், நிதானமாகப் பாடுகிறார்.

2024ம் ஆண்டு அக்டோபரில் இவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. "நார்டிக் கோதிக்" என்று பெயர். நார்டிக் என்பது ஐரோப்பாவின் வடகோடி நாடுகளைக் குறிக்கும் சொல். கனத்த கிதார், மனதை வருடும் கீபோர்டு, ஒரு முறை கேட்டால் மறக்காத மெட்டு ஆகிய பழைய பாணியின் அடையாளங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

டிரம் அடிப்பவர் யார்?

டிரம் அடிப்பவர் பெயர் வேசா ரான்டா.

சென்டன்ஸ்டு குழுவின் கடைசிக் கச்சேரியில் டிரம் அடித்தவரும் அவரே!

பழைய பெயரை யாரும் தோண்டி எடுக்கவில்லை. பெயர் புதிது, பாட்டும் புதிது. ஆனால், 2005ம் ஆண்டில் அடக்கம் செய்த அந்தச் சோக இசை, அதே கைகளில் மறுபடியும் முழங்குகிறது.